ஆறு முதல் ஆறு வரை

அன்றைக்கும் காலை ஐந்து ஐம்பதுக்கு லோயர் கேம்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பூமாரி டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். அந்த டிரைவருக்கு அது பழகிப்போய்விட்டது. புது ஆள் யாராவது ஓட்டினால்தான், இந்தம்மா எதையோ பஸ்ஸிலேயே விட்டுவிட்டாளோ என்று திரும்பிப் பார்ப்பார். பூமாரிக்கு நன்றி சொல்லும் வியாதி உண்டு. போன கரண்டு திரும்பி வந்தால் நன்றி. குரங்கு டிபன் டப்பாவைத் தூக்காமல் போனால் அந்தக் குரங்குக்கும் ஒரு நன்றி. கூட வேலை பார்க்கிறவர்கள் கிண்டல் பண்ணிப் பண்ணி ஓய்ந்துவிட்டார்கள். கேட்டால், "வாங்குனதை வாங்குனேன்னு சொல்றதுல என்ன கொறஞ்சு போகுது?" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் இமானுவேல்.

மேலே மலையிலிருந்து நாலு பெரிய குழாய்களில் தண்ணீர் இறங்கி, மின் நிலையத்தில் மிஷினைச் சுற்றிவிட்டுக் கால்வாய்க்கு வருகிறதல்லவா, அந்தக் கால்வாய்க் கரையில் ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் கீழே சிமெண்டுச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக அளவுகோல் வரைந்திருக்கும். மணிக்கு ஒரு தடவை கரைப் படியில் இறங்கி, தண்ணீர் கோலில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இங்கே எழுதுகிற எண்ணை நம்பித்தான் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நாற்று பாவுகிறார்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இமானுவேல், ஆறிலிருந்து இரண்டு வரை பூமாரி, அப்புறம் கோட்டைச்சாமி. பூமாரியின் வேலை அவள் புருஷன் சண்முகராஜ் பார்த்த வேலை. அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபிறகு கருணை அடிப்படையில் அவளுக்கு வந்தது. பதினாலு வருஷம் ஆகிறது. வேலையில் சேர்ந்த அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு இறங்குவாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் செய்யச் சொன்னதும் கிடையாது. கொரோனா நேரத்தில் மகள் சுபாஸ்ரீக்குக் கல்லூரியில் ஒரு ஒப்படைப்பு கொடுத்திருந்தார்கள். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் விவரங்களைப் பொதுமக்களும் பார்த்துச் சொல்லலாம் என்று ஒரு இணையதளம். அதில் போய் இருபது நட்சத்திரத்தைப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். மகள் இருபதை எண்ணி முடித்துவிட்டு மடிக்கணினியை மூடினாள். பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தாய் அன்றைக்கு ராத்திரியே இருபத்தொன்றாவதைத் திறந்தாள். மகள் படித்து முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது, பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த அந்தப் பழைய மடிக்கணினியை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். தாயின் கணக்கு பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது.

விஷயம் பெரிய சூத்திரமில்லை. அந்தத் தொலைநோக்கி வானத்தில் ஒரே திசையை இருபத்தேழு நாள் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து புள்ளி வைக்கும். புள்ளிகளை வரிசையாகப் பார்த்தால் கோடுபோலப் போகும். அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கோள் இருந்து, அது நமக்கும் அதற்கும் நடுவே குறுக்கே போனால், வெளிச்சம் ஒரு நூல் இறங்கும். கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறிவிடும். அதே இறக்கம் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே கோள் இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தேடிச் சலித்ததில் தவறிப்போனதை மனுஷக் கண் பிடிக்குமா என்று பார்ப்பதுதான் அந்தத் தளம். பூமாரியின் கண்ணுக்கு அது அல்வா மாதிரி. கால்வாயில் மேலே கரையோரம் எவனாவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் கோலில் தண்ணீர் ஒரு நூல் இறங்கி ஏறும். அதைப் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். முதல் முதலாக ஒரு நட்சத்திரத்தின் கோடு அப்படி இறங்கி ஏறியதைப் பார்த்தபோது அவள் வாயில் வந்தது, "எவனோ உறிஞ்சுறான்" என்பதுதான்.

உத்தமபாளையம் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம் பேசிவிட்டார்கள். காமயகவுண்டன்பட்டியில் அப்பா திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை என்றால் யார் விடுவார்கள்? மூன்றாம் வருஷப் புத்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தாள், அது அட்டையோடு எங்கேயோ போயிற்று. வாழ்க்கையில் எதையும் கடைசிவரை முடித்ததில்லை என்று ஒரு குறை அவளுக்கு உள்ளே கிடந்தது. வெளியே சொல்லமாட்டாள். எது கிடைத்ததோ அதற்கு நன்றி சொல்கிற வாய்க்கு, எது கிடைக்கவில்லை என்று சொல்லத் தெரியாது.

இந்த வருஷத் தொடக்கத்தில்தான் அந்த நட்சத்திரம் வந்தது. பெயர் கிடையாது, ஒன்பது இலக்க எண்தான். பூமாரி அதை 'நம்ம ஆளு' என்பாள். பார்த்தவுடனே மூன்று இறக்கம். கம்ப்யூட்டர் தொடாமல் விட்டது. அதற்கென்று வைத்திருந்த நோட்டில், ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரியே தேதி, மணி, அளவு, குறிப்பு என்று கோடு போட்டு, இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதினாள். நாலாம் தேதி காலை பதினொன்று. பதினைந்தாம் தேதி மாலை ஏழு. இருபத்தாறாம் தேதி அதிகாலை மூன்று. முதல் இடைவெளி பதினோரு நாள் எட்டு மணி. இரண்டாவது பத்து நாள் எட்டு மணி. முழுசாக ஒரு நாள் உதைத்தது. அப்படியே தளத்தில் எழுதிப் போட்டாள். தளத்தை மேற்பார்வை பார்க்கிறவர் யாரோ, எந்த ஊரோ, பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டு வரியில் பதில் போட்டார். இடைவெளி ஒழுங்கில்லை, கருவியின் கோளாறாக இருக்கலாம், பார்த்துச் சொன்னதற்கு மகிழ்ச்சி. நட்சத்திரத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பில் விழுந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயிரக்கணக்கில் வருகிறது, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க முடியுமா? பூமாரி அவருக்கும் நன்றி எழுதிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

மனசு கேட்கவில்லை. மறுவாரம் காலை டூட்டியில், யோசனை எங்கேயோ இருக்க, கை பாட்டுக்கு ரிஜிஸ்டரின் ரிமார்க்ஸ் பத்தியில் மூன்று வளைவு வரைந்துவிட்டது. மூன்றும் நம்ம ஆளுதான். அன்று ராத்திரி டூட்டிக்கு வந்த இமானுவேல் அதைப் பார்த்தார்.

இமானுவேல் ராயப்பன்பட்டிக்காரர். ஐம்பத்திரண்டு வயசு. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ரிஜிஸ்டர் விஷயத்தில் அவர் பண்ணுகிற பாடு கொஞ்சமில்லை. ஒரு அடித்தல் இருக்கக்கூடாது, ஒரு மைச்சொட்டு விழக்கூடாது, புள்ளி வைக்காத எழுத்தைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் கிளம்பமாட்டார், ஒரு நிமிஷம் பின்னால் நிற்கவும் மாட்டார், டிவிஎஸ் ஃபிப்டியைக் கிளப்பிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் அரசாங்கப் பதிவேட்டில் மூன்று வளைவைப் பார்த்தால் என்ன செய்வார்? புகார் எழுதி அனுப்பிவிட்டார். பூமாரிக்குப் பிரிவு அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அந்தப் பக்கத்தை முழுசாகத் திரும்ப எழுதி, விளக்கம் கொடுத்து, தலையைக் குனிந்து நின்றுவிட்டு வந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. காலை ஆறு மணிக்கு அவர் பேனாவை மேஜையில் வைப்பார், அவள் எடுப்பாள். கையில் வாங்குவதுகூட இல்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தளத்தில் அறிவிப்பு வந்தது. பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிற பெரிய தொலைநோக்கியில் இந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. பொதுமக்கள் கண்டுபிடித்ததில் ஐந்து நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து, குறுக்கே போகும் கோளைச் சுற்றிக் காற்று இருக்கிறதா, அதில் என்ன இருக்கிறது என்று அது பார்க்கும். திங்கள்கிழமை இரவோடு பட்டியல் மூடப்படும். பூமாரி பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். நம்ம ஆளு இருக்கிற இடத்தில் அதே சிவப்பு. அந்த ஐந்தில் அது போகாவிட்டால் அவ்வளவுதான், இனி யாரும் அதைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இருக்கிறதோ இல்லையோ, பார்க்கவாவது பார்த்திருக்கலாமே என்று அந்த எண்ணைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, மாதத்தின் முதல் தேதி. காலை ஆறு மணிக்குப் பணி மாற்றுகிற நேரம் பார்த்து உதவிப் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். திரிஷா என்று பெயர், பழனிசெட்டிபட்டிப் பெண், வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்த வயசில் இவ்வளவு காலையில் எழுந்து வந்து பார்க்கிறதே என்று பூமாரி மனசுக்குள் அதற்கும் ஒரு நன்றி போட்டாள். திரிஷா ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். இன்றைக்கு ஒன்றாம் தேதி, அதிகாலை மூன்று மணி அளவு மட்டும் ஏன் முப்பத்தொன்றாம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது, தப்பாக எழுதிவிட்டீர்களா என்று கேட்டார்.

இமானுவேலைத் தப்பு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நிமிர்ந்து நின்றார்.

"மேடம், நமக்கு நாளு ஆறு மணிக்குத்தான் பொறக்கும். அதுவரைக்கும் நேத்துதான். மூணு மணியும் நேத்து, நாலு மணியும் நேத்து, அஞ்சு அம்பத்தொம்பதும் நேத்து. மொதப் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கு, பாருங்க."

திரிஷா முதல் பக்கத்தைப் பார்த்தார். நாள் என்பது காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை. சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பூமாரி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மூடி நிரம்பி, மேஜை நிரம்பி, தரையில் வழிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. மூணு மணியும் நேத்து. தினமும் காலையில் வந்ததும் முந்தின நாளின் இருபத்துநாலு மணிக் கணக்கைக் கூட்டி எழுதுவது அவள்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று விடியக்காலை மணிகள் ஐந்தும் நேற்றைய தேதியின் அடியில்தான் வரும். பதினாலு வருஷம் கை எழுதியதைக் கண் திரும்பிப் பார்க்குமா? வீட்டு நோட்டிலும் கை அப்படித்தான் எழுதியிருக்கிறது. நம்ம ஆளு மூன்றாவது தடவை இறங்கினது இருபத்தாறாம் தேதி அல்ல, ஊர் உலகத்துக்கெல்லாம் அது இருபத்தேழாம் தேதி அதிகாலை மூன்று மணி. விரலை மடக்கி எண்ணினாள். பதினைந்தாம் தேதி மாலை ஏழிலிருந்து பதினோரு நாள் எட்டு மணி. இன்னொரு தடவை எண்ணினாள். பதினோரு நாள் எட்டு மணி. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஜீப்பில் ஏறப்போன திரிஷாவைத் துரத்திக்கொண்டு ஓடி, "ரொம்ப நன்றி மேடம்" என்றாள். எதற்கு என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. திரும்பி வருவதற்குள் இமானுவேலின் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல்கூட மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி எழுதினாள். அனுப்புகிற பொத்தானில் வைத்த விரலை எடுத்துக்கொண்டாள். பட்டியல் மூடுகிற நேரத்தில், சரியாக வராத கணக்கில் ஒரு நாளைத் தூக்கிப் போட்டுச் சரியாக வருகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெயிலான பிள்ளை விடைத்தாளைத் திருத்திக் கொண்டுவந்து நீட்டின மாதிரி இருக்காதா? பதினோராயிரம் நட்சத்திரத்தில் ஒரு தடவைகூட அவள் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அந்த ஒரு நல்ல பெயரும் போய்விடும். அப்போதுதான் ரிஜிஸ்டரின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. அச்சடித்த அந்த ஒரு வரியைப் படம் எடுத்துக் கூடவே அனுப்பிவிட்டால் போதும். ஆனால் ரிஜிஸ்டரைப் படம் எடுக்க வேண்டுமென்றால் இமானுவேலைக் கேட்காமல் முடியாது. திருட்டுத்தனமாக எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. நம்ம ஆளுக்காக என்றாலும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்தரைக்கே போய்விட்டாள். குமுளி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. இமானுவேல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு என்றால் அவருக்கு ஊரில் பூசை உண்டு, வெளுத்த சட்டையைப் பையில் மடித்து வைத்திருப்பார்.

"அண்ணே" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு. "ரிஜிஸ்டர் மொதப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கிறவா?"

"எதுக்கு?"

சொன்னாள். மடிக்கணினி, இருபத்தேழு நாள், மூன்று இறக்கம், சிவப்பு எழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். நம்ம கோலில் தண்ணீர் ஒரு நூல் இறங்கி ஏறுகிற மாதிரிதான் அங்கனயும் என்றாள். ஒரு நாள் எப்படித் தொலைந்தது, அது எங்கே கிடைத்தது என்பதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ரிஜிஸ்டரை மூடி, அட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"அரசாங்கப் பதிவேடு. போட்டோ எடுக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும். இல்லாம முடியாது."

பூமாரிக்குச் சுள்ளென்று வந்தது. இந்த மனுஷனிடம் கேட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். ஆறு மணி அளவைப் பார்க்க வேண்டும். கண்ணில் தண்ணீர் நின்றதால் கோல் மங்கித் தெரிந்தது, துடைத்துவிட்டுப் பார்த்து, மனசில் எண்ணை வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். டிவிஎஸ் ஃபிப்டி நின்ற இடத்திலேயே நின்றது. மணி ஆறு பத்து. இமானுவேல் உள்ளே உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்து ஓரம் கோடு போட்டு, எழுதிக்கொண்டிருந்தார். அவள் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. எழுதி முடித்து, ஒரு தடவை வாசித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஆபீஸ் இங்கிலீஷில், எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அதன் சாரம் இதுதான்:

'இந்தக் கால்வாயில் இருபத்தாறு வருடங்களாக இரவில் நீர்மட்டம் பார்க்கும் நான் சான்றளிப்பது. எங்கள் பணியில் நாள் என்பது காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை. அதிகாலை மூன்று மணியை முந்தைய தேதியில் எழுதுவதே இங்கே சரி. திருமதி பூமாரி அவ்வாறு எழுதியது பழக்கத்தினால், வேறு எந்த நோக்கத்தினாலும் அல்ல. பதினான்கு வருடத்தில் இவர் வைத்த அளவில் நான் ஒரு பிழை கண்டதில்லை. ஒருமுறை குறிப்புப் பத்தியில் மூன்று வளைவுகள் வரைந்தார். அதைப் பிழை என்று நான் புகார் எழுதினேன். அவை தங்களுடைய நட்சத்திரம் என்பது இன்று காலையில்தான் எனக்குத் தெரியவந்தது.'

பூமாரி கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "போட்டோவுக்குத்தான் உத்தரவு வேணும். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றதுக்கு எவன் உத்தரவும் வேணாம்." பூசைக்கு நேரமாயிருச்சு என்று முனகிக்கொண்டு வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டபிறகுதான், காலி நாற்காலியைப் பார்த்து மெதுவாக "நன்றிண்ணே" என்றாள்.

மதியம் நோட்டுப் பக்கத்தையும் அந்தத் தாளையும் படமெடுத்து அனுப்பினாள். ஞாயிறு போயிற்று. திங்கள் காலையும் ஒன்றுமில்லை. சாயங்காலம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கணினி ஒரு தடவை கிணுங்கியது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிப்போய்ப் பார்த்தாள். குழுவிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி எழுதியிருந்தார். மூலத் தரவைத் திறந்து பார்த்தோம், மூன்றாவது இறக்கம் இருபத்தேழாம் தேதிதான், இரண்டு இடைவெளியும் ஒன்றோடொன்று பொருந்துகிறது, முதலிலேயே நாங்கள் பார்த்திருக்க வேண்டும், மன்னியுங்கள். ஐந்தாவது இடத்தில் உங்கள் நட்சத்திரத்தைச் சேர்த்திருக்கிறோம். கோள்தான் என்று இப்போதே சொல்ல முடியாது, ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு நட்சத்திரங்களாகவும் இருக்கலாம், பெரிய தொலைநோக்கி பார்த்தால் தெரியும். சான்றிதழ் தேவைப்படவில்லை, இருந்தாலும் அதை அச்செடுத்து எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கடைசியில் ஒரு வரி: உங்கள் நாள் காலை ஆறுக்குத் தொடங்குகிறது, வானியலில் நாங்கள் எண்ணும் நாள் நண்பகல் பன்னிரண்டுக்குத் தொடங்குகிறது, ஆக நள்ளிரவை நம்பாதவர்கள் நாம் இரண்டு பேரும்.

சிவப்பு போய்ப் பச்சை வந்திருந்தது. பூமாரி சாமி படத்துக்கு, மடிக்கணினிக்கு, அதைக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு, இருபதோடு நிறுத்திக்கொண்ட மகளுக்கு, கேள்வி கேட்ட திரிஷாவுக்கு எல்லாருக்கும் வாய்விட்டு நன்றி சொன்னாள். சண்முகராஜுக்கும் சொன்னாள். அவன் விட்டுப்போன படியில் இறங்கித்தானே இந்தக் கண் வந்தது. சோறு குழைந்துவிட்டது. அதையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டாள்.

மறுநாள் காலை இமானுவேலிடம் நண்பகல் விஷயத்தைச் சொன்னபோது அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "மத்தியானமா? அப்ப அங்கனயும் நம்மள மாதிரியே ராத்திரி டூட்டிக்காரன் ஆரம்பிச்ச தேதியிலயே முடிச்சிரலாம். நல்ல ஏற்பாடு பண்ணியிருக்காக" என்றார். ஆராய்ச்சிக் கட்டுரை வந்தால் யாருக்கு நன்றி போட வேண்டும் என்று குழு கேட்டிருந்தது. ஒரு வரிக்குமேல் இடமில்லை. பூமாரி அதில் ஒரே பெயரைத்தான் எழுதினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, வெறும் பேர் போடாத, 'இரவுப் பணி'ன்னு சேர்த்துப் போடு என்றார்.

ஐந்து மாதம் கழித்துத் தேதி வந்தது. பெரிய தொலைநோக்கி பார்க்கும் நாளில், இந்திய நேரப்படி அதிகாலை நாலு நாற்பதுக்கு வெளிச்சம் இறங்கத் தொடங்கி, ஆறு மணிக்கு நடுவில் இருந்து, ஏழு இருபதுக்குப் பழையபடி ஏறும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்றாள் பூமாரி. இமானுவேல் அதற்கு அசரவில்லை. "நம்ம தண்ணி மட்டும் என்ன? மலையில எப்பப் பேஞ்ச மழையோ. நம்ம கோலைத் தொட்ட நேரத்தைத்தானே எழுதுறோம்" என்றார்.

அன்றைக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மலைக்குமேல் வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நம்ம ஆளு வெறும் கண்ணுக்குத் தெரிகிற ரகமில்லை. இருந்தாலும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் போனாள். இமானுவேல் ரிஜிஸ்டரைத் திறந்தபடி வைத்திருந்தார். ஐந்து மணி அளவு எழுதியாகிவிட்டது. அதற்கு நேர் மேலே, மூன்று வளைவு விழுந்ததற்கு மெமோ வாங்கித் தந்த அதே ரிமார்க்ஸ் பத்தியில், நேற்றைய தேதியில், மையால், அச்சடித்த கையெழுத்தில் இருந்தது: '4.40. நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. தகவல்: பூமாரி. பார்த்தவர்: யாரும் இல்லை.' பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"அண்ணே, மெமோ குடுப்பாகண்ணே."

"குடுக்கட்டும். இருபத்தாறு வருசத்துல ஒண்ணு வாங்குனா கொறஞ்சு போகமாட்டேன்."

ஆறு மணிக்குப் பக்கத்தைப் புரட்டிப் புதுத் தேதியை எழுதிப் பேனாவை நீட்டினார். பூமாரி கையில் வாங்கினாள். படியில் இறங்கி அளவு பார்த்து வந்து எழுதினாள். அவர் கிளம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி அவருக்கு மூடியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. தண்ணீர் கோலை ஒட்டி ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. வெயில் மலை முகட்டில் ஏறி, குழாய்கள்மேல் பட்டு, கரைக்கு வந்தது. குரங்கு ஒன்று வந்து இவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு எதையும் தொடாமல் போயிற்று. ஏழு மணி அளவை அவள் எழுதி வந்தாள். ஏழு பத்துக்கு அவர், "இப்பவும் உறிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கானா?" என்று கேட்டார். "முடியப் போகுதுண்ணே" என்றாள்.

ஏழு இருபதுக்கு எழுந்து போய் ரிஜிஸ்டரை இழுத்து, இன்றைய தேதியில், ரிமார்க்ஸ் பத்தியில் எழுதினாள். '7.20. நட்சத்திரம் பழையபடி. பார்த்தவர்: இருவர்.' அவர் பின்னால் வந்து நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எழுத்தெழுத்தாக வாசித்தார். விரலைக் கடைசிச் சொல்லில் வைத்தார்.

"புள்ளி வைக்கலை."

பூமாரி குனிந்து, 'இருவர்' என்பதன் கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். மை காயட்டும் என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.